வினை சரியானால் வசனம் சரி

(நூற்றாண்டு விழாவின்போது பாடசாலை மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரை ஒருவருடையது அல்ல. ஒரே வகுப்பில் படித்து, பின்னர் வெவ்வேறு பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பித்து, இன்று ஓய்வு பெற்றிருக்கும் நான்கு பேர் கூடியிருந்து எழுதியது. வாசிப்பவர் ஒருவர், பேசுவது நாம் நால்வரும்.

பாடசாலையின் பெருமைகளை மற்றவர்கள் சிறப்பாகச் சொல்லிவிட்டார்கள். நாம் எடுத்துக்கொண்டது சிறியதொரு விடயம்: ஆங்கில வினைச்சொல். சிறியது என்றாலும் எம்மில் பலரை வாய் திறக்கவிடாமல் செய்தது அதுதான். யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகள் ஆங்கிலம் கற்பது புதிதல்ல. உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கியது 1824 இல். அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் 1987 இல் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழி என்றது. இத்தனை காலம் சென்றும், நன்றாகப் படித்த பிள்ளைகூட ஓர் ஆங்கில வசனம் சொல்லுமுன் நெஞ்சு படபடக்க நிற்கிறாள். ஏன்?

எமது காலத்தில் வினைச்சொற்களை வாய்பாடு போலவே பாடமாக்கினோம். கொப்பியின் பின்பக்கத்தில் மூன்று நிரல்கள் இருக்கும். 'கோ, வென்ற், கோன்'. 'ஈற், ஏற், ஈற்றன்' என்று இடைவேளை மணி அடிக்கும்வரை ஒரே குரலில் சொல்லுவோம். ஒரு பிழையும் வராது. ஆனால் ஒருநாள் வெளியூரிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் எம்மில் ஒருத்தியிடம், நேற்றுப் பின்னேரம் என்ன செய்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் வகுப்பிலேயே கெட்டிக்காரி. ஒரு சொல்லும் வரவில்லை. நூறு வினைகள் தெரியும். அவற்றை வசனத்தில் எங்கே வைப்பது என்று தெரியாது.

அந்த 'எங்கே' என்பதிலிருந்தே தொடங்குவோம். தமிழில் வினை பெரும்பாலும் வசனத்தின் கடைசியில் வரும். வரும்போது எல்லாவற்றையும் தன்னோடு கொண்டு வரும். 'வந்தேன்' என்ற ஒரு சொல்லே முழு வசனம். வந்தது யார், ஒருவரா பலரா, எந்தக் காலம் என்பதெல்லாம் அதற்குள் இருக்கின்றன. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று மரியாதையும் அதிலேயே தெரிந்துவிடும். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வினைக்கென்று தனியாக ஓர் இயலே வைத்திருக்கிறார்.

ஆங்கில வினையோ வெறுங்கையோடு வருகிறது. அதிபர் வந்தாலும் 'கேம்'தான், வேலி பாய்ந்து பசுமாடு வந்தாலும் 'கேம்'தான். வந்தது யார் என்று வினை சொல்லாது. ஆகவே எழுவாயை முன்னே சொல்லியே ஆகவேண்டும். வினை அதன் பின்னால் வரவேண்டும். எமது பிள்ளைகள் 'யெஸ்ரடே வென்ற் ரு கொழும்பு' என்று எழுதுவது கவலையீனத்தால் அல்ல. தமிழில் 'நேற்றுக் கொழும்புக்குப் போனேன்' என்பதில் 'நான்' தேவையில்லை. அந்தப் பழக்கமே ஆங்கிலத்திலும் வருகிறது. நாம் ஆசிரியைகளாக இருந்தபோது இப்படியான பிழையைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டுப் போகாமல், பிள்ளையிடம் 'போனது ஆர்?' என்று கேட்கப் பழகினோம். பிள்ளை 'ஐ' என்பாள். வசனம் சரியாகிவிடும்.

அடுத்தது, எல்லோரையும் வருத்தும் அந்த ஓர் எழுத்து. 'ஐ ஸிங்' என்போம், 'ஷீ ஸிங்ஸ்' என்போம். அவன், அவள், அது என்று ஒருமையில் நிகழ்காலத்தில் பேசும்போது மட்டும் இந்த 'ஸ்' வரும். பழைய ஆங்கிலத்தில் வினைக்குப் பல விகுதிகள் இருந்தன. அவை காலப்போக்கில் தேய்ந்து போக, நிகழ்காலத்தில் மிஞ்சியது இது ஒன்றுதான்.

கேள்வி கேட்கும்போது இன்னொரு சிக்கல். தமிழில் 'பாடுகிறாள்' என்பதோடு ஓர் ஆகாரத்தைச் சேர்த்தால் 'பாடுகிறாளா' என்று கேள்வியாகிவிடும். ஆங்கிலத்தில் அப்படி முடியாது. 'டூ' என்ற உதவிவினையை முன்னே அழைக்க வேண்டும். அதற்கு அந்த இடத்தில் தனிப்பொருள் கிடையாது. கேள்விக்காகவும் எதிர்மறைக்காகவும் வந்து நிற்கிறது. 'டஸ் ஷீ ஸிங்' என்பது சரி. 'டஸ் ஷீ ஸிங்ஸ்' என்பது பிழை. 'டிட் யூ கோ' சரி. 'டிட் யூ வென்ற்' பிழை. இதை வகுப்பில் எப்படி விளங்கப்படுத்துவது என்று தலையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் எம்மில் ஒருவர் ஒரு வழி கண்டார். வீட்டுக்கு ஒரு திறப்புத்தான். அக்கா கொண்டு போனால் தங்கையின் கையில் திறப்பு இருக்காது. காலமும் அந்த 'ஸ்' எழுத்தும்தான் திறப்பு. உதவிவினை முன்னே வந்தால் திறப்பை அது வாங்கிக்கொள்ளும். முதன்மை வினை வெறுங்கையோடு நிற்கும். இதைச் சொன்ன பிறகு ஒரு பிள்ளை 'டிட் யூ வென்ற்' என்றால் மற்றப் பிள்ளைகளே 'இரண்டு திறப்பு!' என்று சத்தமிடுவார்கள்.

இனி, மூன்று நிரல்களில் பாடமாக்கிய ஒழுங்கற்ற வினைகளுக்கு வருவோம். ஆங்கிலத்தில் வினைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுள் ஒழுங்கற்றவை 200 அளவில்தான். ஆனால் மிக அதிகமாகப் பயன்படும் பத்து வினைகளான பி, ஹாவ், டூ, ஸே, கோ, கெற், மேக், நோ, திங்க், ரேக் ஆகிய அத்தனையும் ஒழுங்கற்றவையே. இதற்குக் காரணம் உண்டு. நாள்தோறும் நாவில் புழங்கும் சொல்லின் பழைய வடிவம் மறக்காது. புழக்கம் குறைந்தவை பொது ஒழுங்குக்கு மாறிவிடும். 'ஹெல்ப்' என்பதற்கு முன்னொரு காலத்தில் 'ஹோல்ப்' என்று இறந்தகாலம் இருந்தது; இன்று அது 'ஹெல்ப்ற்' ஆகிவிட்டது. 'வென்ற்' என்பது உண்மையில் 'வெண்ட்' என்ற வேறொரு வினையின் இறந்தகாலம். 'கோ' அதை இரவல் வாங்கித் தனதாக்கிக்கொண்டது. எமது மொழியும் இதற்கு விலக்கல்ல. வா என்பது வந்தேன், வருகிறேன் ஆகிறது. சொல் என்பது சொன்னேன், கேள் என்பது கேட்டேன், நில் என்பது நின்றேன் ஆகிறது. இவற்றை எவரும் எமக்கு நிரல் போட்டுக் கற்பிக்கவில்லை. பேசிப் பேசியே வந்தன.

ஒழுங்கான வினைகளிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எழுத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே விகுதிதான். ஒலியோ மூன்று. 'வோக்' என்பது 'வோக்ற்' ஆகும். 'கோல்' என்பது 'கோல்ட்' ஆகும். 'வெயிற்' என்பது 'வெயிற்றிட்' ஆகும். எழுத்தைப் பார்த்து எல்லாவற்றையும் 'இட்' என்று முடித்தால் கேட்பவர் ஒரு கணம் தடுமாறுவார். இதைக் காதால்தான் பழக வேண்டும்.

இன்னொரு வழக்கமான தவறு. 'நான் படிக்கிறன்' என்று நாம் சொன்னால் அது தினமும் செய்வதையும் குறிக்கும், இந்த நேரத்தில் செய்துகொண்டிருப்பதையும் குறிக்கும். ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிடும். தினமும் செய்வது 'ஐ ஸ்ரடி'. இப்போது நடந்துகொண்டிருப்பது 'ஐ ஆம் ஸ்ரடியிங்'. ஆனால் செயலாக இல்லாமல் நிலையாக இருக்கும் வினைகளுக்கு அந்த 'இங்' பொதுவாகப் பொருந்தாது. 'எனக்கு இரண்டு தம்பிமார் இருக்கினம்' என்பதை 'ஐ ஆம் ஹாவிங் ரூ பிரதர்ஸ்' என்று சொல்லாமல் 'ஐ ஹாவ்' என்று சொல்ல வேண்டும். 'ஐ ஆம் நோயிங்' என்பதும் அப்படியே. 'ஐ நோ' போதும்.

இதுவரை சொன்னவை பரீட்சைக்கும் உதவும். இனிச் சொல்லப்போவது பரீட்சைக்கு அப்பாற்பட்டது. இன்று இந்தத் தலைப்பை எடுத்ததற்கு அதுவே காரணம்.

2009 ஆம் ஆண்டுக்குப் பிந்திய காலம். எம்மில் ஒருவரின் வீட்டுக்கு ஒரு தாய் வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் மகனின் படம், பிறப்புச் சான்றிதழ். ஓர் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல நாம் எழுதினோம். 'என்ரை மகன் காணாமல் போனவன்' என்றார். நாம் விரைவாக 'மை சன் வோஸ் மிஸ்ஸிங்' என்று எழுதி வாசித்துக் காட்டினோம்.

அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் கேட்டார்: "பிள்ளை, அந்த 'வோஸ்' எண்டால் என்ன?"

"இருந்தார் எண்டு அர்த்தம் அம்மா."

"இருந்தார் எண்டால்? இப்ப இல்லையெண்டோ?"

எமக்குப் பேச்சு வரவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. 'வோஸ் மிஸ்ஸிங்' என்று படிக்கும் ஒருவர், அந்தப் பிள்ளை அப்போது காணாமல் இருந்தான், பின்னர் அந்த நிலை மாறிவிட்டது என்று எண்ண இடமுண்டு. தமிழில் 'காணாமல் போனான்' என்பதும் இறந்தகாலந்தான். ஆனால் அதைக் கேட்கும் எமக்கு அவன் இன்னும் வரவில்லை என்பது சொல்லாமலே விளங்கும். முன்பின் தெரியாத ஓர் அலுவலர் ஆங்கிலத்தில் படிக்கும்போது, வினை சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

கடிதத்தைக் கிழித்துவிட்டு மீண்டும் இருந்தோம். அவன் காணாமல் போன நாள் முடிந்துபோன ஒன்று. அதற்கு 'வென்ற் மிஸ்ஸிங்'. அன்றைய வயது அன்றையது. அதற்கு 'வோஸ்'. அவனுடைய பெயர் இன்றும் அவனுடைய பெயர்தான். ஆகவே 'ஹிஸ் நேம் இஸ்'. அன்று தொடங்கி இன்றுவரை தொடர்வதற்கு 'ஹி ஹாஸ் பீன் மிஸ்ஸிங் ஸின்ஸ்' என்று எழுதி, அந்தத் திகதியைப் போட்டோம். ஒவ்வொரு வினையையும் எழுதமுன் அந்த அம்மாவிடம் பொருளைச் சொன்னோம். அவர் தலையசைத்த பிறகே எழுதினோம். 'நேம் இஸ்' என்ற இடத்தில் மட்டும் விரலை வைத்து, "இது இப்ப எண்டுதானே இருக்கு?" என்று இன்னொரு தரம் கேட்டார். ஓம் என்றோம்.

அன்று தொடங்கி இன்றுவரை தொடர்வதைச் சொல்லும் அந்த வினைவடிவத்தை நாம் பல ஆண்டுகளாகக் கற்பித்து வந்தோம். 'நான் இந்த ஊரில் பத்து வருடமாக வசிக்கிறேன்' என்பதே எமது உதாரணம். பிள்ளைகளும் எழுதினார்கள், புள்ளியும் எடுத்தார்கள். இந்த வடிவம் எதற்காக இருக்கிறது என்று உண்மையில் எமக்கு விளங்கியது அன்றைக்குத்தான். தமிழில் கடந்ததற்கு நாம் வைத்திருக்கும் பெயரே இறந்தகாலம். ஒருவரை அந்தக் காலத்தில் எழுதுவதா வேண்டாமா என்பதை, எழுதுகிறவர் கவலையீனத்தால் தீர்மானித்துவிடக் கூடாது. அது எமது பிழை. அந்த அம்மா கேட்டிராவிட்டால் கடிதம் அப்படியே போயிருக்கும்.

பிள்ளைகளே, உங்களுக்கு மூன்று விடயங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

ஒன்று, வினையைத் தனியாகப் பாடமாக்காதீர்கள். முன்னே சொன்ன பத்து வினைகளில் தினமும் ஒன்றை எடுத்து, உங்கள் வீட்டில் அன்று நடந்ததைப் பற்றி மூன்று வசனம் எழுதுங்கள். ஒன்று நேற்றையது, ஒன்று இன்றையது, ஒன்று கேள்வி. பத்து நாளில் முப்பது வசனங்கள் உங்கள் சொந்தமாகிவிடும்.

இரண்டு, பிழை விடும் தோழியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த குழந்தைகளும் 'கேம்' என்பதற்குப் பதிலாகக் 'கம்ட்' என்று சொல்லித்தான் வளர்கின்றன. அது முட்டாள்தனம் அல்ல. ஒழுங்கைக் கண்டுபிடித்துவிட்டதன் அடையாளம். எமது வகுப்பில் ஒருத்தி அப்படி ஒரு பிழை விட்டபோது நாம் சிரித்தோம். அதன் பிறகு அவள் பாடசாலையை விட்டுப் போகும்வரை ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை. இன்றைக்கு அவள் இந்த மண்டபத்தில் இருக்கிறாள். எல்லோர் முன்னிலையிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

மூன்று, படித்த ஆங்கிலத்தை உங்களோடு மட்டும் வைத்திருக்காதீர்கள். உங்கள் ஒழுங்கையிலும் கடிதம் எழுதத் தெரியாத ஒரு தாய் இருப்பார். அவருக்காக எழுதும்போது அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு வினையையும் அவருக்குப் புரியும் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். அவர் ஓம் என்ற பிறகு எழுதுங்கள்.

சங்கத்திடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. சனிக்கிழமைகளில் நூலகத்தில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கித் தந்தால், நாம் நால்வரும் முறை வைத்து வந்து பிள்ளைகளோடு ஆங்கிலம் பேசத் தயாராக இருக்கிறோம். சிவப்புப் பேனை கொண்டுவர மாட்டோம்.