குடிபோதையா, சர்க்கரைக் குறைவா?



ஆம்புலன்ஸில் வந்து இறங்கும் துணை மருத்துவருக்குப் பயிற்சிக் காலத்தில் எத்தனையோ பாடங்கள் உண்டு. அடைத்த மூச்சுப் பாதையைத் திறப்பது, நின்ற இதயத்தை அமுக்கி இயக்குவது, பெருகும் ரத்தத்தை நிறுத்துவது, முறிந்த எலும்பை அசையாமல் கட்டுவது என்று அவை நீளும். இவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஆபத்துகள். இன்றைய பேச்சு கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆபத்தைப் பற்றியது. ஒரு சொட்டு ரத்தமும் சில விநாடிகளும் இருந்தால் அதைக் கண்டுபிடித்து விடலாம். இவ்வளவு சுலபமான காரியம் ஏன் தவறிப் போகிறது?

1984-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சார்லட் நகரில் நடந்த சம்பவம் இது. டெத்தோர்ன் கிரஹாம் என்பவர் இனிப்புநீர் உள்ளவர். இன்சுலினால் தம் உடம்பில் சர்க்கரை இறங்குவதை உணர்ந்து, நண்பரின் காரில் ஒரு கடைக்கு ஆரஞ்சுச் சாறு வாங்கப் போனார். கடையில் நீண்ட வரிசை. நிற்க நேரமில்லை என்று வெளியே ஓடி வந்து, வேறொரு நண்பர் வீட்டுக்குப் போகலாம் என்றார். உள்ளே போனவர் உடனே ஓடி வருகிறாரே என்று ஒரு போலீஸ்காரருக்குச் சந்தேகம். காரை மறித்தார். சர்க்கரைக் குறைவு என்று நண்பர் சொன்னது எடுபடவில்லை. கிரஹாமோ காரை விட்டு இறங்கி, காரையே இரண்டு முறை சுற்றி ஓடி, சாலையோரத்தில் உட்கார்ந்து மயங்கிப் போனார்.

அங்கே வந்து சேர்ந்த மற்றப் போலீசாரில் ஒருவர், இது வெறும் குடிபோதை என்று தீர்ப்பே சொல்லி விட்டார். கையில் விலங்கு ஏறியது. நினைவு திரும்பிய கிரஹாம், தம் பணப்பையில் இனிப்புநீர் அடையாளம் இருக்கிறது, பாருங்கள் என்று கேட்டார். பார்க்கவில்லை. வேறொரு நண்பர் ஆரஞ்சுச் சாறு கொண்டு வந்தார். கொடுக்க விடவில்லை. கடைசியில் கடையில் எந்தக் குற்றமும் நடக்கவில்லை என்று செய்தி வந்ததும், வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பாத எலும்பு முறிந்திருந்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1989-இல் தீர்ப்பு வந்தது. சட்டம் படிப்பவர்கள் போலீசாரின் பலப்பிரயோகத்துக்கு எது அளவுகோல் என்று அறிய இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். துணை மருத்துவராகப் பயில்பவர் படிக்க வேண்டியது, அந்தச் சாலையோரத்தில் ஒருவர்கூட விரலில் ஊசி குத்திப் பார்க்கவில்லை என்ற பகுதியை.

மனித மூளை சர்க்கரையை நம்பி வாழும் உறுப்பு. அதற்கென்று சேமிப்பு ஏறக்குறைய இல்லை. ரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும்போது உடம்பு முதலில் கூச்சல் போடுகிறது: வியர்வை, நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி. 3-க்குக் கீழே போனால் மூளையே தடுமாறும். நாக்குக் குழறும், நடை தள்ளாடும், சாந்தமான மனிதர் கெட்ட வார்த்தை பேசுவார், கை ஓங்குவார். பார்ப்பவருக்கு இது அசல் குடிகாரர் தோற்றம்தான். பல வருடங்களாக இனிப்புநீர் உள்ள சிலருக்கு அந்த முதற்கட்டக் கூச்சலே கேட்பதில்லை. நேரே தடுமாற்றத்துக்குப் போய் விடுவார்கள்.

சரி, வாயில் மது வாடை அடித்தால்? அப்போதும் முடிவு கட்ட முடியாது. சர்க்கரை அளவுக்கு மீறி ஏறி ரத்தம் அமிலமாகும் நிலையிலும் மூச்சில் பழம் புளித்தது போன்ற ஒரு வாடை வரும். அனுபவமில்லாத மூக்கு அதை மது என்றே சொல்லும். அந்த நோயாளியின் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இருக்கும். இதை 1874-லேயே குஸ்மால் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதி வைத்தார். இன்னொன்றும் உண்டு. உண்மையாகவே குடித்தவருக்கும் சர்க்கரை இறங்கும், ஏனென்றால் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதை மது தடுத்து விடுகிறது. வெறும் வயிற்றில் குடித்துவிட்டுக் கோப்பிக் கடை வாசலில் விழுந்து கிடப்பவர், போதையிலும் இருக்கலாம், சர்க்கரைக் குறைவிலும் இருக்கலாம். நம் மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போவது அவரிடமிருந்துதான்.

பயிற்சி வகுப்புகளில் ஆங்கில எழுத்துகளை வைத்து வரிசை சொல்லித் தருவார்கள். ஏ என்றால் மூச்சுப் பாதை, பி என்றால் சுவாசம், சி என்றால் ரத்த ஓட்டம். அடுத்து வரும் டி, இ, எஃப், ஜி நான்கையும் சேர்த்து 'டோன்ட் எவர் ஃபர்கெட் குளுக்கோஸ்' என்று மனப்பாடம் செய்வதுண்டு. குளுக்கோஸை ஒருபோதும் மறக்காதே என்று பொருள். விளையாட்டாகத் தோன்றினாலும் நள்ளிரவில் களைத்துப் போன மூளைக்கு இத்தகைய ஊன்றுகோல் தேவைப்படுகிறது.

பக்கவாதம் என்று சந்தேகிக்கும்போதும் இதே கதைதான். ஒரு பக்கக் கை கால் விழுந்து விட்டது, பேச்சு வரவில்லை என்று அழைப்பு வரும். சர்க்கரைக் குறைவும் சில சமயம் இதே வேடத்தைப் போடும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தைப் போடுமுன் எல்லா நோயாளிக்கும் கட்டாயம் பார்த்தாக வேண்டிய ரத்தச் சோதனை சர்க்கரை ஒன்றே என்று அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டி கூறுகிறது. அந்தச் சோதனையை வண்டியிலேயே முடித்து விட்டால் மருத்துவமனையில் நிமிடங்கள் மிச்சம்.

சோதனையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆரஞ்சோ மாம்பழமோ உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால், பழச் சர்க்கரை கலந்து கருவி பொய்க் கணக்குக் காட்டும். இறங்கியிருக்கும் சர்க்கரை ஏறியதாகத் தெரியும்.

நினைவு இருப்பவருக்கு மருந்து நம் அடுப்படியிலேயே உள்ளது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். 'டயட்' பானத்தில் சர்க்கரையே கிடையாது. அகார்போஸ் மாத்திரை சாப்பிடுபவருக்கு வீட்டுச் சர்க்கரை மெதுவாகத்தான் வேலை செய்யும், குளுக்கோஸ் தூள்தான் சரி. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போய் விடும். அங்கே துணை மருத்துவர் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றுவார், அல்லது குளூக்ககான் ஊசியைத் தசையில் போடுவார். விரதமிருந்து கல்லீரல் இருப்புத் தீர்ந்தவருக்கும் குடித்தவருக்கும் அந்த ஊசி சரியாகப் பலிக்காது என்பதையும் அவர் தெரிந்திருக்க வேண்டும்.

விரதம் என்றதும் நம் வீடுகள் நினைவுக்கு வருகின்றன. சாப்பாட்டை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கும் பெரியவர்கள் இல்லாத வீடு குறைவு. ஆகையால் பயிற்சியில் இருப்பவர் நோயாளியைப் பார்த்த கையோடு மருந்துப் பையையும் கேட்டு வாங்க வேண்டும், குளிர்பதனப் பெட்டியில் இன்சுலின் உண்டா என்றும் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை அபாயமாக இறங்குவது அரிது. கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற மாத்திரைகள் இருந்தால் கதை வேறு.

அந்த மாத்திரை சாப்பிட்ட தாத்தா குளுக்கோஸ் ஏறியதும் எழுந்து உட்கார்ந்து விடுவார். "எனக்கு ஒன்றுமில்லை தம்பி, ஆஸ்பத்திரி எல்லாம் வேண்டாம்" என்பார். வீட்டாரும் தலையாட்டுவார்கள். மாத்திரையோ உடம்பில் இன்னும் பல மணி நேரம் வேலை செய்யும், சிறுநீரகம் பழுதாயிருந்தால் இன்னும் அதிகம். ஏறிய சர்க்கரை நடு இரவில், எல்லாரும் தூங்கும்போது, மறுபடி இறங்கும். அதனால் துணை மருத்துவர் தரையில் உட்கார்ந்து, "தாத்தா, மருந்து இன்னும் உள்ளே இருக்கிறது, இன்று ராத்திரி மட்டும் வந்து விடுங்கள்" என்று பொறுமையாகச் சொல்லி அழைத்துப் போகப் பழக வேண்டும்.

சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. அழைக்கும்போதே "இனிப்புநீர் உள்ளவர், கடைசியாக இத்தனை மணிக்குச் சாப்பிட்டார், இன்ன மாத்திரை" என்று சொல்லி விடுங்கள்.