மியாகோ நிலையத்தில் நின்ற ஒற்றைப் பெட்டி
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



"ஜப்பான் போய் வந்தியே, அதைப் பத்திப் பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். புல்லட் ரயிலைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பார். மன்னிக்க வேண்டும். நான் பேசப் போவது ஒரே ஒரு பெட்டியோடு ஓடும் டீசல் ரயிலைப் பற்றி.

2023 நவம்பரில் கம்பெனிப் பயிற்சிக்காக அங்கே போயிருந்தேன். இரண்டு நாள் விடுமுறை கிடைத்தது. கூட வந்தவர்கள் டோக்கியோவைச் சுற்றக் கிளம்பினார்கள். நான் வடகிழக்கே மொரியோக்கா போய், அங்கிருந்து மலைகளுக்கு நடுவே சுமார் 100 கிலோமீட்டர் ரயிலில் போய் மியாகோவில் இறங்கினேன். பசிபிக் கரையில் ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் வாழும் சின்ன நகரம். மொரியோக்காவுக்கு ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான். ஒன்றை விட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பஸ்தான் அடிக்கடி உண்டு.

இதே நிலையத்திலிருந்து சான்ரிக்கு ரயில்வேயின் ரியாஸ் பாதை கடற்கரையை ஒட்டி வடக்கே குஜி வரையும், தெற்கே கமைஷி வழியாக சகாரி வரையும் போகிறது. மொத்தம் 163 கிலோமீட்டர். பெரும்பாலும் ஒற்றைப் பெட்டி. ஓட்டுநர்தான் கண்டக்டரும். ஏறும்போது எண் அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக்கொள்கிறோம். அந்த எண்ணுக்கு எவ்வளவு கட்டணம் என்று முன்னால் உள்ள பலகை காட்டும். இறங்கும்போது ஓட்டுநர் பக்கத்திலிருக்கும் பெட்டியில் போட்டுவிட வேண்டியதுதான். என்னோடு வந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகளும், ஆஸ்பத்திரிக்குப் போகும் பெரியவர்களும். தேசிய ரயில்வே கைவிட இருந்த பாதைகளை மாகாணமும் ஊராட்சிகளும் தனியாரும் சேர்ந்து எடுத்து, 1984 ஏப்ரல் 1-ல் ஓட்டத் தொடங்கிய கம்பெனி இது. லாபம் பார்ப்பது கஷ்டம்.

அப்படியானால் அங்கே போக என்ன காரணம்? 2011 மார்ச் 11.

அன்று பூகம்பமும் சுனாமியும் அந்தக் கரையை அடித்துப் போட்டன. மியாகோவில் மின்சாரம் இல்லை. மார்ச் மாதக் குளிர் வேறு. நிலையத்தில் ஒரு டீசல் பெட்டி நின்றுகொண்டிருந்தது. அதன் எஞ்சின் ஓடினால் விளக்கு எரியும், ஹீட்டர் வேலை செய்யும். கம்பெனித் தலைவரும் ஊழியர்களும் அந்தப் பெட்டியையே ஆபீஸாக்கிக்கொண்டார்கள்.

சேதம் கொஞ்சநஞ்சமல்ல. ஷிமனொகோஷி என்ற நிலையம் பாலத்தோடு சேர்ந்து காணாமல் போயிருந்தது. ஆனால் பாதையின் பெரும்பகுதி சுரங்கங்களிலும் உயரமான இடங்களிலும் போவதால் சில துண்டுகள் தப்பித்திருந்தன. சாலைகளை இடிபாடுகள் அடைத்திருந்ததால் மக்கள் தண்டவாளத்தின் மேலேயே நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். உறவினரைத் தேடி, சாமான் தேடி, ஆஸ்பத்திரியைத் தேடி.

அதைப் பார்த்த தலைவர், ஓட்ட முடிந்த துண்டை உடனே ஓட்டுவோம் என்று முடிவு செய்தார். மார்ச் 16-ல், அதாவது ஐந்தே நாளில், குஜிக்கும் ரிக்குச்சு நோதாவுக்கும் இடையே ரயில் ஓடியது. 20-ம் தேதி மியாகோவிலிருந்து தாரோ வரை. 29-ம் தேதி இன்னும் வடக்கே ஒமோட்டோ வரை. அந்த மாதம் முடியும்வரை டிக்கெட் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டவில்லை. பாதையைச் சரிபார்த்து, வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்துக்கொண்டே போனார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது வியப்பு இல்லை, வெட்கம்.

அதற்குச் சில வருஷம் முன்னால், மழை வெள்ளத்தில் ஓர் ஊரின் குடிநீர் பம்ப் நிலையம் மூழ்கியது. மூன்று பம்புகள். ஒன்றின் மோட்டாரை மெக்கர் வைத்துப் பார்த்தோம். உலர்த்தினால் இரண்டு நாளில் ஓட்டலாம். ஆனால் "மூன்றும் சரியான பிறகு முறைப்படி இயக்குவோம்" என்று அறிக்கை எழுதியவன் நான்தான். மேலே யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. அரைகுறை வேலை என்று பெயர் வந்துவிடுமே என்ற பயம். பதினொரு நாள் அந்த ஊருக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஆறாவது நாள், குடத்தோடு வந்த ஒரு பாட்டி கேட் வாசலில் கேட்டார்: "தம்பி, ஒரு மணி நேரம் விட்டாப் போதுமே சாமி, அதுகூட முடியாதா?" முடியும். அது எனக்குத் தெரியும். "வேலை நடக்குது பாட்டி" என்று மட்டும் சொன்னேன்.

மியாகோ பிளாட்பாரத்தில் நின்றபோது அந்தக் குடம்தான் கண்ணில் நின்றது.

சான்ரிக்குக்காரர்கள் ஐந்து நாளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. முழுப் பாதையும் திறக்க 2014 ஏப்ரல் ஆயிற்று. இடையில் வாங்கிய புதுப் பெட்டிகளில் குவைத் நாட்டுக்கு நன்றி எழுதியிருக்கிறார்கள். அந்நாட்டு உதவியில் வந்தவை அவை. மியாகோவுக்கும் கமைஷிக்கும் இடையே வேறொரு கம்பெனியிடமிருந்த 55 கிலோமீட்டர் எட்டு வருஷம் மூடிக் கிடந்து, 2019 மார்ச்சில் இவர்கள் கைக்கு வந்து திறந்தது. அதே அக்டோபரில் புயல் மறுபடி பாதையை அரித்தது. மறுபடி சரிசெய்து, 2020 மார்ச் 20-ல் முழுதும் ஓட்டினார்கள்.

தம்பி தங்கைகளே, முழுசாகச் சரிசெய்வது நம் தொழில் தர்மம். அதில் சமரசம் வேண்டாம். ஆனால் ஓடக்கூடியதை, ஓடாததற்காக நிறுத்தி வைக்காதீர்கள். எந்தத் துண்டு பாதுகாப்பானது என்று அளந்து சொல்லத்தான் இந்தக் கல்லூரி நமக்குப் படிப்புக் கொடுத்திருக்கிறது. அளந்து பார்த்தபின், "இது ஓடும்" என்று கையெழுத்துப் போடும் தைரியமும் வேண்டும்.

எனக்கு அன்று அது இல்லை. உங்களுக்கு இருக்கட்டும்.