வளர்த்த உறவும் வாரிசுரிமையும்

மனைவியை இழந்த ஒருவரும் கணவரை இழந்த ஒருவரும் மணந்து, இரு பக்கத்துக் குழந்தைகளையும் ஒரே கூரையின்கீழ் வளர்க்கும் குடும்பங்கள் நாட்டில் பல உள்ளன. அங்கே அன்பு புதிய உறவை உண்டாக்குகிறது. வாரிசுரிமைச் சட்டமோ பிறப்பையும் திருமணத்தையும் தத்தெடுப்பையுமே கணக்கில் கொள்கிறது. இவ்வேறுபாட்டை மாணவர்களும் அலுவலர்களும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்கள் ஆகியோருக்குப் பொருந்துவது. ஓர் எடுத்துக்காட்டு அதன் போக்கை விளக்கும். கணவருக்கு மூத்த தாரத்து மகள் ஒருத்தி; மனைவிக்கு முன் கணவரின் மகன் ஒருவன்; இருவருக்கும் பொதுவாக ஒரு மகள். வீடு கணவர் தாமே சம்பாதித்தது. அவர் உயில் எழுதாமல் இறந்தால், மனைவிக்கும் தம் இரு மகள்களுக்கும் மும்மூன்றில் ஒரு பாகம் சேரும். அவர் கையால் வளர்ந்த மகனுக்கு ஒன்றுமில்லை.

பின்னர் மனைவியும் உயிலின்றி இறந்தால், அவருடைய பாகம் அவர் வயிற்றில் பிறந்த இருவருக்கே செல்லும். அப்போது மூத்த தாரத்து மகளுக்கு மூன்றில் ஒன்று, பொது மகளுக்கு இரண்டில் ஒன்று, மகனுக்கு ஆறில் ஒன்று என வீடு பிரியும். மனைவி முதலில் இறந்திருந்தாலோ, அம்மகனுக்கு வீட்டில் உரிமையே இராது. யார் முதலில் கண்மூடுகிறார் என்பதே பங்கைத் தீர்மானிக்கிறது! பெண்ணின் முதல் வாரிசுகளான "மகன்கள்" என்னும் சொல்லில் கணவரின் மூத்த தாரத்து மகன் அடங்கான் என்று 1987இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

இதற்குப் பரிகாரம் இரண்டு. ஒன்று உயில். எழுதுபவர் ஒப்பமிட, இரு சாட்சிகள் அவர் முன்னிலையில் ஒப்பமிட்டால் போதும்; முத்திரைத்தாளோ பதிவோ கட்டாயமன்று. எனினும் பதிவு செய்தல் பின்னால் எழும் ஐயங்களைக் குறைக்கும். மற்றொன்று, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் வழியே குழந்தையை முறைப்படி தத்தெடுத்தல். அதன்பின் அக்குழந்தை முழு வாரிசாகிவிடும்.

வங்கிக் கணக்கில் ஒருவரை நியமனதாரராகக் குறிப்பிடுவது மட்டும் போதாது. நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே, உரிமை வாரிசுகளுக்குரியது.

வாரிசுச் சான்றிதழ் கோரும் மனு அலுவலகத்திற்கு வரும்போது காலம் கடந்துவிடுகிறது. குடும்பத் தலைவர்கள் உயிருடன் இருக்கும்போதே இவ்வறிவு அவர்களை அடையுமானால், ஒரே தட்டில் உண்டு வளர்ந்தவர்கள் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்கும் நிலை பெரிதும் தவிர்க்கப்படும்.