புழு கடித்தால் செடிக்குத் தெரியுமா?

(ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஓட்டை விழுந்த கத்தரி இலையைக் காட்டி, “சார், புழு கடிச்சா செடிக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். “செடிக்கு ஏது நரம்பு? தெரியாது, போய் உட்காரு” என்றேன். அந்த ஆண்டு முழுவதும் அவள் வேறு கேள்வியே கேட்கவில்லை. என் விடை சரியில்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

மசாத்சுகு டொயோட்டா, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைமன் கில்ராய் ஆகியோரின் குழு 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் செடியில், கால்சியம் கூடும் இடத்தில் ஒளிரும் புரதம் உருவாகும்படி செய்திருந்தார்கள். புழு ஓர் இலையைக் கடித்ததும் அங்கே ஒளி தோன்றியது. நொடிக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வேகத்தில் பரவி, ஓரிரு நிமிடங்களில் கடிபடாத இலைகளையும் எட்டியது.

காரணம் இதுதான். செல்லுக்குள் கால்சியம் அயனிகள் மிகக் குறைவு. வெளியே பல ஆயிரம் மடங்கு அதிகம். இலை காயம்பட்டதும் குளுட்டமேட் கசிகிறது. அது செல் சவ்வின் கால்வாய்களைத் திறக்க, அணைக்கதவு திறந்தாற்போல் கால்சியம் உள்ளே பாய்கிறது. செய்தி எட்டிய இலையில் ஜாஸ்மோனிக் அமிலம் உருவாகிப் பாதுகாப்பு மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. பாக்டீரியா தாக்கும்போதும், அதன் கசையிழைப் புரதத்தை அடையாளம் கண்ட சில நிமிடங்களில் செல்லுக்குள் கால்சியம் உயர்கிறது.

எலும்புக்கும் பல்லுக்கும் கால்சியம் வேண்டும் என்று கற்பிக்கிறோம். செய்தி சொல்லவும் அதுவே பயன்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. ‘செடிக்கு வலிக்கிறது’ என்று சொல்லிவிடக் கூடாது. நரம்பும் மூளையும் இல்லாமலே செடி செய்தி கடத்துகிறது என்பதே இந்த ஆய்வு காட்டுவது.

வகுப்பறைக்குத் தொட்டாற்சிணுங்கி போதும். அதன் இலை மூடுவதற்கும் கால்சியமே தூண்டுகோல் என்றும், மூட இயலாத செடிகளை வெட்டுக்கிளிகள் அதிகம் தின்றன என்றும் 2022-இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. நுனிச் சிற்றிலையைத் தொடச் செய்யுங்கள். அடுத்தடுத்த சிற்றிலைகள் மூட எத்தனை நொடி ஆகிறது என்று பிள்ளைகளே எண்ணட்டும்.

இப்போது அதே கேள்வி வந்தால், “வா, போய்ப் பார்ப்போம்” என்று தோட்டத்துக்கு அழைத்துச் செல்கிறேன்.