குழந்தைகட்கு நீரிழிவு வருவதேன்?

(நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நீரிழிவு முதியோர்க்கே உரிய நோயென்று நம்மவர் நெடுங்காலம் எண்ணி வந்தனர். ஆதலின் சிறு குழந்தைக்கு அந்நோய் உளதென்று மருத்துவர் கூறியவுடன், வீட்டில் எழும் முதற்கேள்வி, "இது யாரால் வந்தது?" என்பதேயாம். தந்தை வீட்டார் தாயின் வழியைச் சுட்டுவர். தாய் வீட்டார் தந்தையின் வழியைச் சுட்டுவர். அண்டை வீட்டார் குழந்தை தின்ற மிட்டாயைச் சுட்டுவர். இப்பழி பேச்சால் குழந்தைக்கு நேரும் கேடு பெரிது. ஆதலின் உண்மைக் காரணங்களை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

உண்ட உணவு குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகி இரத்தத்திற் கலக்கின்றது. அதனை உடலின் உயிரணுக்களுட் புகச் செய்வது கணையத்திற் சுரக்கும் இன்சுலின். இன்சுலின் அற்றுப்போவதால் வருவது முதல் வகை நீரிழிவு. இன்சுலின் இருந்தும் உடல் அதற்கு இணங்காமையால் வருவது இரண்டாம் வகை. பெயர் ஒன்றாயினும் காரணங்கள் வேறு.

சிறார்க்குப் பெரும்பாலும் வருவது முதல் வகையே. நோய்க்கிருமிகளை எதிர்த்து உடலைக் காக்க வேண்டிய ஆற்றல், கணையத்தின் உயிரணுக்களையே பகையென மயங்கி அழித்துவிடுகின்றது. இம்மயக்கத்திற்கு இடந்தரும் மரபுக்கூறுகள் தாய்வழியும் தந்தைவழியும் வருவன. எனினும் மரபு மட்டும் போதாது. பின்லாந்து தேசத்தாரும் அதனையடுத்த ருஷியக் கரேலியாவினரும் இம்மரபுக்கூறுகளில் பெரிதும் ஒத்தவர். ஆயினும் பின்லாந்துச் சிறாரிடையே இந்நோய் ஏறக்குறைய 6 மடங்கு மிகுதியென 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி கூறிற்று. ஆகவே சூழ்நிலையும் நோயைத் தூண்டுகின்றதென்பது பெறப்படும். சிலவகை வைரஸ்கள் இவ்வாறு ஐயுறப்படுகின்றன. இனிப்புத் தின்றதனால் இவ்வகை வருவதன்று. இந்நோயுற்ற சிறாருட் பெரும்பாலோர் குடும்பத்தில் முன்னர் எவருக்கும் இது இருந்ததுமில்லை.

நிற்க. இரண்டாம் வகையின் இயல்பு வேறு. இதிலும் மரபுண்டு, ஆனால் வாழ்க்கை முறையின் பங்கு மிகப் பெரிது. ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாகாணத்தில் பீமா என்னும் பழங்குடியினர் உளர். ஆற்று நீரால் உழுது பயிரிட்டு வாழ்ந்த அவர்கள், நீரைப் பிறர் திருப்பிக்கொண்டபின் கடைச்சரக்கு உணவுக்கும் உழைப்பில்லா வாழ்வுக்கும் ஆளாயினர். அவர்தம் சிறாரிடையே இரண்டாம் வகை நீரிழிவு தோன்றியதை 1979-ஆம் ஆண்டிலேயே மருத்துவர் எழுதினர். மெக்ஸிகோ மலைநாட்டில் உழவுத்தொழிலில் நிலைத்த அவர்தம் இனத்தாரோடு ஒப்பிட, அரிசோனாவினரிடையே இந்நோய் 5 மடங்கு மிகுந்திருந்தது. ஒரே வேர், இரு விளைவு!

தெற்காசியராகிய நாமும் இந்நோய்க்கு எளிதில் ஆட்படும் மரபினர். பிறநாட்டாரினும் இளவயதிலேயே, குறைந்த உடற்பருமனிலேயே இது நம்மைப் பற்றும். ஆதலின் நங் குழந்தைகட்குச் சர்க்கரைப் பானங்களையும் எண்ணெய்ப் பலகாரங்களையும் நாள்தோறும் தருதல் தகாது. நாளொன்றுக்கு 60 நிமிடமேனும் ஓடியாடல் வேண்டும். யாம் பள்ளியிற் காண்பதோ, மாலை விளையாட்டு நேரத்தைத் தனிப்பாட வகுப்பும், இரவு உறக்கத்தைக் கைப்பேசியும் கவர்ந்துகொள்வதே.

இனி, முதல் வகை நோயுற்ற குழந்தையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இன்சுலின் ஊசியை நிறுத்தி வேறு மருந்தாலோ பத்தியத்தாலோ தீர்ப்போமென்பாரை நம்பற்க. இன்சுலின் கண்டறியப்படுமுன் இந்நோயுற்ற சிறார் பிழைப்பதரிது. 1922 ஜனவரியில் கனடா நாட்டு டொராண்டோ நகரில், சாகுந் தறுவாயிலிருந்த லியோனார்ட் தாம்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதல் அது செலுத்தப்பட்டது. அவன் பின்னும் 13 ஆண்டு உயிர்வாழ்ந்தான். இக்காலத்தே இன்சுலினை முறையாகக் கொள்வோர் கற்று, தொழில் செய்து, மக்களைப் பெற்று நெடிது வாழ்கின்றனர்.

குழந்தை அடிக்கடி சிறுநீர் கழித்தல், தணியாத் தாகம், நன்கு உண்டும் இளைத்தல், சோர்வு, விட்டிருந்த பழக்கம் மீண்டு படுக்கையை நனைத்தல் ஆகியவற்றைக் கண்டால் அன்றே இரத்தத்தைச் சோதித்தல் வேண்டும். வாந்தியும் வயிற்று வலியும் மேல்மூச்சும் உடன் காணின் ஒரு நாழிகையும் தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. ஆசிரியரிடமும் நோயை மறையாதீர். சர்க்கரை திடீரெனக் குறைந்து குழந்தை நடுங்கி வியர்க்குங்கால், உடனே இனிப்பு ஊட்ட வேண்டுமென்பதை வகுப்பிலுள்ளார் அறிந்திருத்தல் அவசியம்.

பெண்மக்களைப் பெற்றோர், "நோயுண்டென்று தெரிந்தால் நாளை எவர் மணப்பர்?" என்றஞ்சி ஊசியையே ஒளித்துப் போடுகின்றனர். விருந்திலும் வெளியூரிலும் ஊசி தவறுகின்றது. அதனால் உயிர்க்கே ஊறு நேரும். பெற்றோருள் ஒருவர்க்கு முதல் வகை இருப்பினும், அவர் வயிற்றுப் பிறக்கும் 100 குழந்தைகளுள் 90-க்கு மேற்பட்டோர்க்கு அது வருவதேயில்லை. ஆதலின் மணம் பேசுமிடத்து இந்நோயை மறைப்பதும் வேண்டா. அதுபற்றிப் பெண்ணை விலக்குவதும் வேண்டா. இதனை முதற்கண் நஞ் சங்கத்தினரே தத்தம் இல்லங்களிற் கைக்கொள்ள வேண்டுமென வேண்டுகின்றோம்.