அடிக்கல்லுக்கு முந்திய வைத்தியசாலை
தீவகத்துக் கத்தோலிக்க நோயாளர் பணி: அறக்கட்டளைச் சொற்பொழிவு

யாருடைய நினைவில் நாம் கூடியிருக்கிறோமோ அவர் தீவக மக்களின் சுகநலத்துக்காக உழைத்தவர். அவரைப் புகழ்ந்து பேச நீங்கள் என்னை அழைக்கவில்லை. நேரே விடயத்துக்கு வருகிறேன்.

1. வழக்கு

நண்பர்களுடனான என் வழக்கு உங்களிற் பலருக்குத் தெரிந்ததே. பண்டத்தரிப்பில் அமெரிக்க மிசனின் ஜோன் ஸ்கடர் 1820இல் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1847இல் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றினார். 1850இல் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் யாழ்ப்பாண நகர வைத்தியசாலை தோன்றியது. 1898இல் இணுவிலில் பெண்களுக்கென மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. இந்த வரிசையை அடுக்கிவிட்டு நண்பர்கள் என்னைப் பார்த்துக் கேட்பார்கள்: இதில் கத்தோலிக்கர் எங்கே? தீவகத்தில் கோவிலில்லாத கத்தோலிக்கக் கிராமம் இல்லை. அந்தக் காலத்தில் வைத்தியசாலை ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்!

அமெரிக்க மிசனின் தொண்டைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட வேலை. கிறீன் தமிழில் ஆக்குவித்த மருத்துவ நூல்கள் நம் மொழிக்குக் கிடைத்த செல்வம். நான் மறுப்பது அந்தப் பணியையல்ல, அதை வைத்து அடுத்த வீட்டை அளக்கும் முறையை. வைத்தியசாலையின் வரலாற்றை அடிக்கல் நாட்டிய நாளிலிருந்து எழுதக் கூடாது. நோயாளியைக் கைவிட மறுத்த செயலிலிருந்து அதை எழுத வேண்டும். இன்று நான் நிறுவ வந்தது இந்த ஒன்றைத்தான்.

2. கட்ட முடியாத காலம்

முதலில் காலத்தைக் கவனியுங்கள். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஊர்காவற்றுறைக்கு எதிரே நிற்கும் கடற்கோட்டையும் அதே ஆண்டில் வீழ்ந்தது. கத்தோலிக்கக் குருமார் ஒல்லாந்தர் ஆண்ட பகுதிகளில் நிற்பதே குற்றமாயிற்று. பிரித்தானியர் 1806இல் தடைகளை நீக்கும்வரை ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் இந்தச் சமயத்தாருக்குச் சட்டப்படி முழு உரிமை இருக்கவில்லை. வைத்தியசாலைக்கு எங்கே போவது?

இரண்டாவது காரணம் திருச்சபைக்குள்ளேயே இருந்தது. என் நண்பர்கள் இதைப் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். அமலமரித் தியாகிகள் 1847இல் இலங்கை வந்தனர், திருக்குடும்பக் கன்னியர் 1862இல் யாழ்ப்பாணம் வந்தனர். ஆனால் பிள்ளைப்பேறு பார்க்கும் பணி துறவியருக்கு விலக்கப்பட்டிருந்தது. பெண்கள் ஆண் வைத்தியரிடம் போகத் தயங்கிய நாட்டில் இந்த விலக்கு எதைக் குறிக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1920இல் இந்தியாவின் குண்டூருக்கு வந்த அவுஸ்திரேலிய வைத்தியர் மேரி குளோரி கன்னியராக இருந்துகொண்டே வைத்தியம் செய்யப் பாப்பரசரின் தனி அனுமதி தேவைப்பட்டது. அன்னா டெங்கல் 1925இல் மருத்துவ மிசன் சகோதரிகளை நிறுவியபோதும் அச்சபையினர் முழுமையான துறவு வார்த்தைப்பாடு கொடுக்க இயலவில்லை. 1936 பெப்ரவரியில்தான் உரோமை அந்தக் கதவைத் திறந்தது. 1898இல் இணுவிலில் எழுந்தது போன்ற பெண்கள் வைத்தியசாலையைக் கன்னியர் அன்று ஏன் கட்டவில்லை என்ற கேள்விக்கு அலட்சியம் விடையாகாது.

3. ஒரு கஞ்சிச் சட்டி

இனி என் முதன்மைச் சான்றுக்கு வருகிறேன். நேரம் எடுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் என்ற குருவானவர், யோவான் என்ற துணைவருடன், கூலியாள் வேடத்தில் தூத்துக்குடிப் பக்கமிருந்து கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்த கையோடு கடுமையான வயிற்றோட்டம் கண்டது. தொற்றுநோய் என்று அஞ்சி இடம் கொடுத்தோர் அவரை வெளியே அனுப்பினார்கள். ஊருக்குப் புறம்பே, ஆளற்ற இடத்தில், இருவரும் கிடந்தார்கள். அங்கே ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் பிழைத்தார்.

1745இல் லிஸ்பனில் அச்சான செபஸ்தியான் தே ரேகோவின் வரலாற்று நூல் இந்த நோய்க் காலத்தைச் சொல்கிறது. நண்பர்கள் உடனே, அது பக்தி நூல், புனிதரை உயர்த்த எழுதியது என்பார்கள். உண்மைதான். ஆனால் புனிதரை உயர்த்த எழுதுகிறவருக்குப் பெயரில்லாத ஒரு நாட்டுப் பெண்ணைப் புனைந்து சேர்ப்பதால் என்ன இலாபம்? பக்தி நூல் அற்புதத்தையல்லவா விரும்பும்? வானதூதர் வந்து குணமாக்கினார் என்று எழுதியிருக்கலாம். கஞ்சியை எழுதியிருக்கிறார். இத்தகைய இடங்களில்தான் பக்தி நூலை நான் நம்புகிறேன்.

அந்தக் கஞ்சியை வெறும் இரக்கமாகவும் எண்ண வேண்டாம். வயிற்றோட்டத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் நீரும் உப்பும் உடலைவிட்டுப் போவதே. 1971இல் வங்காள தேச அகதிகளிடையே வாந்திபேதி பரவியபோது, பொங்கான் முகாமில் வைத்தியர் திலீப் மகலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்து மரணங்களைப் பெரிதும் குறைத்தார். சர்க்கரைக்குப் பதில் அரிசிக் கஞ்சியைக் கொண்டும் அதையே செய்யலாம் என்று பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. உப்புப் போட்ட கஞ்சி நம் வீடுகளில் வருத்தக்காரருக்குக் கொடுக்கும் முதல் உணவு. அன்று யாழ்ப்பாணத்தில் எந்த ஐரோப்பிய வைத்தியரும் இதைவிடச் சிறந்ததைக் கொடுத்திருக்க முடியாது. அந்தக் காலத்து ஐரோப்பிய வைத்தியம் இரத்தம் வடித்தது, பேதிக்குக் கொடுத்தது. அந்தப் பெண்ணின் கையில் இருந்ததோ சரியான மருந்து.

இப்போது பத்து ஆண்டுகள் தாண்டிக் கண்டிக்குப் போவோம். 1697இல் அங்கே வைசூரி பரவியது. அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் நகரைவிட்டு நீங்கினான், வசதியுள்ளோரும் போயினர். நோயாளர் காட்டோரங்களில் விடப்பட்டனர். வாஸ் முனிவரும் அவருடைய மருமகன் யோசேவ் கர்வால்ஹோவும் போகவில்லை. கைவிடப்பட்ட வீடுகளில் நோயாளரைச் சேர்த்தார்கள், கழுவினார்கள், ஊட்டினார்கள், இறந்தோரைப் புதைத்தார்கள். எந்தச் சமயத்தார் என்று கேட்கவில்லை. ஜென்னரின் அம்மைப்பால் வர இன்னும் ஒரு நூற்றாண்டு இருந்தது. மருந்தில்லாத நோயில் தண்ணீரும் உணவும் துப்புரவும் பக்கத்தில் ஒரு மனிதரும்தான் வைத்தியம். கர்வால்ஹோ சற்று முன்னர்தான் கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டுத் திரும்பியிருந்தார். அவ்வளவு பகை நிறைந்த நகரில், இந்தப் பணியைக் கண்ட அரசன் முனிவருக்கு முழுச் சுதந்திரம் அளித்தான்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் நம் நூல்கள் தனித்தனி அதிகாரங்களில் வைக்கின்றன. முதலாவது பாடுகள், இரண்டாவது புண்ணியம். நான் இரண்டையும் ஒரே தொடராகப் படிக்கிறேன். 1687இல் தொற்றுக்கு அஞ்சி வெளியே போடப்பட்டவர், 1697இல் தொற்றுக்கு அஞ்சி வெளியே போடப்பட்டவர்களிடம் போகிறார். முன்பு தனக்குச் செய்யப்பட்டதைப் பின்பு அவர் பிறருக்குச் செய்கிறார். ஆகவே இந்த நாட்டின் கத்தோலிக்க நோயாளர் பணி மிசனரி கொண்டுவந்து கொடுத்த பொருளாகத் தொடங்கவில்லை. நம் மண்ணின் பெண் ஒருத்தி மிசனரிக்கு அதை முதலில் கொடுத்தாள். 2015 ஜனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் வாஸ் முனிவரைப் புனிதராக அறிவித்தார். புனிதர் பட்டம் அவருக்கு உரியது. வரலாற்றில் ஓர் இடம் அவளுக்கும் உரியது. கட்டடம் கேட்கும் நண்பர்களுக்கும், ஆயர்களையும் அடிக்கல்களையும் மட்டுமே பட்டியலிடும் நம் யூபிலி மலர்களுக்கும் என் விடை இதுவே.

4. தீவகம்

நோயாளியைக் கைவிடாமை என்ற இந்த அளவுகோல் தீவகத்துக்கு இன்னும் பொருந்தும். கரம்பன், நாரந்தனை, மெலிஞ்சிமுனை, நெடுந்தீவு ஆகிய ஊர்களில் நோயின் பாதி கடல். பரியாரியாரும் மருத்துவிச்சியும் இயன்றதைச் செய்த பின், தோணி புறப்படுமா என்பதே உயிரைத் தீர்மானித்தது. பண்ணைப் பாதையும் புங்குடுதீவுப் பாலமும் வந்த பின்னரும் நெடுந்தீவார் குறிகட்டுவானுக்குப் படகேற வேண்டும். காற்றுக் கிளம்பினால் அதுவும் இல்லை. இன்று அங்கே அரச வைத்தியசாலை இருக்கிறது. கடுமையான வருத்தமென்றால் யாழ்ப்பாணம்தான். ஆகவே தீவகத்தில் திருச்சபையின் தரும வைத்தியப் பணி அரசுக்குப் போட்டியாக இன்னொரு கட்டடம் எழுப்புவதாக இருக்க வேண்டியதில்லை. படகுக்குக் காத்திருக்கும் இரவிலும், நகர வாட்டில் ஆளில்லாமல் கிடக்கும் முதியவர் அருகிலும் ஆள் நிற்பதே அந்தப் பணி.

5. செய்ய வேண்டியவை

நேரம் முடிகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். தீவகப் பங்குகளின் மரணப் பதிவேடுகளைக் கறையான் முந்திக்கொள்ளுமுன் படமெடுக்க வேண்டும். வாந்திபேதி ஆண்டுகள் அவற்றில் தெரியும். கன்னியர் மடங்களின் நாட்குறிப்புகளை ஆய்வாளருக்குத் திறக்க வேண்டும். மருத்துவிச்சிகளின் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களின் வாய்மொழியைப் பதிய வேண்டும். கச்சதீவு, பாலைதீவு அந்தோனியார் திருவிழாக்களில் நோயாளர் பராமரிப்பு எவ்வாறு நடந்தது என்பது தனி ஆய்வுக்குரியது. சுவாமி ஞானப்பிரகாசரின் திருச்சபை வரலாற்று நூல்களை இந்தக் கண்ணோட்டத்தில் மீண்டும் படிக்க வேண்டும். பரராசசேகரம் முதலிய நம் வைத்திய நூல்களின் பத்திய உணவு முறைகளை மிசன் பணியோடு ஒப்பிடுவதற்கு மருத்துவபீட மாணவர் எவராவது முன்வந்தால் நான் உதவுவேன். அறக்கட்டளையினர் அடுத்த ஆண்டு நிதியின் ஒரு பகுதியைப் பதிவேடுகளுக்கு ஒதுக்குவார்களானால், நண்பர்களுடனான இந்த வழக்கை அடுத்த முறை ஆவணங்களோடு தொடரலாம்.