ஒரு பிடி அரிசியும் பிறவிப் பயனும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்தில் பிறவிப் பயன் என்னும் பொருள் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தார்கள். யாம் பண்டிதர் அல்லேம். நாற்பது ஆண்டுகளாகத் தராசு பிடித்த கை எமது கை. ஆதலின் இவ்விஷயத்தைப் பெரிய நூல்களிலிருந்து எடுத்துரைக்கும் ஆற்றல் எமக்கில்லை. எனினும் ஏற்றுக்கொண்டதற்கு ஒரு காரணமுண்டு. சென்ற மாதம் நமது மாணவர் விடுதிக்குச் சென்றிருந்தபொழுது, அங்கே பயிலும் பிள்ளைகளுள் ஒருவன் எம்மை நிறுத்தி, "ஐயா, உலகத்திற்கு ஏதேனும் நன்மை செய்ய வேண்டும் என்னும் ஆசை எங்களுக்கு இருக்கிறது. ஆனால் நாங்கள் எதற்காகப் பிறந்தோம் என்பதே விளங்கவில்லையே! அது விளங்கிய பின்னரன்றோ ஒரு காரியத்தைத் தொடங்க முடியும்?" என்று வினவினான். அன்று யாம் தக்க விடை கூறவில்லை. நன்றாகப் படி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். வழி நெடுகிலும் அவ்வினா எம்மை விடவில்லை. அப்பிள்ளைக்கு அன்று கூறாத விடையை இன்று இச்சபையின் முன் கூற முயலுகிறோம்.

முதலிற் பயனை அறிந்து, பின்னர்ச் செயலைத் தொடங்குவது என்பது கேட்பதற்கு முறையாகவே தோன்றுகிறது. உலக அனுபவமோ பெரும்பாலும் இதற்கு மாறாகவே இருக்கிறது. இதற்கு யாம் காட்டும் சான்று நம் சமூகத்துச் சரித்திரமன்று. பிறரைப் புகழ்வதற்கோ நம் சங்கத்து மேடை என்று முகஞ் சுளிப்பவர் இச்சபையிலும் இரண்டொருவர் இருக்கக்கூடும். அவர்கள் சற்றே பொறுத்தருள்க.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் வாணிகஞ் செய்த நாடார் சமூகத்தார்க்கு இருந்த முதற் கவலை, உலகை உய்விப்பது எப்படி என்பதன்று. சரக்கு ஏற்றிய வண்டியையும் மாட்டையும் இராக்காலத்தில் களவு போகாமல் எங்கே நிறுத்துவது என்பதே அவர்தம் கவலை. அதன்பொருட்டுச் சுற்றுச்சுவர் எடுத்த பேட்டைகளை அமைத்தனர். பேட்டையை நடத்தப் பொருள் வேண்டுமாதலின், ஒவ்வொருவரும் தத்தம் வியாபாரத்தில் ஒரு சிறு பகுதியை மகமை என்று எடுத்து வைத்து, உறவின்முறைப் பொது நிதியிற் சேர்த்தனர். அந்நிதி பெருகியவாறே கிணறாயிற்று, கோயிலாயிற்று, பின்னர்ப் பள்ளிக்கூடமும் ஆயிற்று. அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை எழுந்தது இவ்வாறேயாம். வண்டி நிறுத்தச் சுவர் எடுத்தவர்கள், தாம் பள்ளிக்கூடத்திற்கு அடிக்கல் நாட்டுவதாக அன்று நினைத்திருப்பார்களோ? நினைத்திரார் என்றே எமக்குத் தோன்றுகிறது.

மகமை கடையிலிருந்து வந்தது. வீட்டிலிருந்து வந்தது பிடியரிசி. இதனைத் தாய்மார்கள் சற்றே கவனித்துக் கேட்க வேண்டுகிறோம். உலையில் இடுவதற்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறொரு கலயத்தில் போட்டு வைப்பது, பின்னர் வீடு வீடாகச் சென்று அதனைத் திரட்டிப் பள்ளிச் செலவுக்கு ஆக்குவது என்பதே அம்முறை. உண்டு மிஞ்சியதைக் கொடுப்பதன்று. உண்ணும் முன்னரே எடுத்து வைப்பது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. மிச்சத்தைக் கொடுப்பவனுக்கு மிச்சம் இல்லாத நாளில் தருமமும் இல்லை. முன்னரே எடுத்து வைப்பவளுக்கோ, அடுப்பு மூட்டும் நாளெல்லாம் தரும நாளே. அன்றியும், கணவனிடம் காசு கேட்டுப் பெறும் நிலையிலிருந்த அக்காலத்துப் பெண்டிர்க்கு, யாரையும் கேளாமல் தம் கையாலேயே செய்யத்தக்க அறமாக இஃது அமைந்தது. அப்பள்ளியின் சுவரில் அவர்தம் பெயர் பொறிக்கப்பட்டிருக்க நியாயமில்லை. ஆயினும் அவர்தம் கை அதில் இருக்கிறது.

இதே வழக்கம் வடகிழக்கே மிசோரம் மலைநாட்டிலும் உண்டு. அங்குள்ள கிறிஸ்தவப் பெண்மணிகள் சமைக்கும் வேளைதோறும் ஒரு பிடி அரிசியைத் தனியே வைத்துத் திருச்சபைக்கு அளித்து வருகிறார்கள். 1910இல் தொடங்கிய அவ்வழக்கம் நூறாண்டு கடந்தும் அற்றுப் போகவில்லை. விருதுநகருக்கும் மிசோரத்திற்கும் மொழியாலும் மதத்தாலும் யாதொரு தொடர்புமில்லை. உலைப்பானையும் கையுமே பொது.

எமது வீட்டில் இதனைச் சோதித்துப் பார்க்க எண்ணி, எமது இல்லாளின் ஒரு பிடியைத் தராசில் இட்டோம். 40 கிராம் இருந்தது. 300 வீடுகளில் நாளொன்றுக்கு ஒரு பிடி என்றால், மாதம் 360 கிலோ அரிசி. நமது விடுதிப் பிள்ளைகளின் உணவுக்கு அதனால் எவ்வளவு துணையாகும் என்பதைப் பொருளாளர் அவர்களே கணக்கிட்டுக் கொள்வாராக.

நிற்க. கொடுப்பதில் மாத்திரமேயன்றி, கொள்வதிலும் விற்பதிலும் உலகைத் திருத்தும் வழியுண்டு. இங்கிலாந்து தேசத்தில் ராச்டேல் என்னும் நெசவு ஊர் இருக்கிறது. கூலி குறைந்து, கடைகளில் கலப்பட மாவையும் கள்ள எடையையும் சகித்துக்கொண்டிருந்த அவ்வூர்த் தொழிலாளர் 28 பேர் கூடி, வாரத்திற்கு இரண்டு மூன்று பென்சு வீதம் சேர்த்து, 28 பவுன் முதல் திரட்டினர். 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21இல் அவர்கள் ஒரு கடையைத் திறந்தனர். கடையில் இருந்தவை வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி ஆகிய ஐந்து சரக்குகளே. தெருப்பிள்ளைகள் கூடி நகையாடினர் என்பர். ஆயினும் கலப்பற்ற பண்டம், சரியான எடை என்னும் இரண்டையும் அவர்கள் கைவிட்டாரில்லை. சில ஆண்டுகளில் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென்று ஒதுக்கவும் செய்தனர். உலகெங்கும் பரவியுள்ள கூட்டுறவு இயக்கத்திற்கு அச்சிறு கடையே வழிகாட்டி. 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கமும் அதனைப் பின்பற்றியதேயாம்.

கடை வைத்திருப்போர் நம்மிற் பலர். தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டிய காலம் போய், மின் தராசு வந்துவிட்டது. ஆயினும் மனம் வைத்தால் மின் தராசிலும் வஞ்சிக்கலாம் என்பது நாமறியாததன்று. ஆடி மாதம் கூழ் ஊற்றி ஊரை அழைப்பவர், சனிக்கிழமை தோறும் கூலிக்காரரை இருட்டும் வரை காக்க வைப்பதும் உண்டு. கூழை விட அந்தக் கூலியே முந்தியது என்பது எமது துணிபு. இதற்கு மேல் இதனை விரிக்க விரும்பவில்லை. ஏனெனில், பிறர் குற்றம் பேசுவதற்கு முன்னர் எமது குற்றம் ஒன்றைச் சபையில் வைக்கவேண்டியவராக இருக்கிறோம்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, எமது கடைக்குப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை அவன் தாயார் அழைத்து வந்து வேலைக்கு விட்டார். தகப்பன் இல்லை. யாமும் ஒரு குடும்பத்திற்கு உதவுகிறோம் என்னும் எண்ணத்தோடேயே வைத்துக்கொண்டோம். சில நாள் கழித்து அவனுடைய பள்ளி ஆசிரியர் கடைக்கு வந்தார். "பையன் கணக்கிலே கெட்டிக்காரன், அனுப்பிவிடுங்கள்" என்றார். "கணக்கு இங்கேயும் கற்கலாம்" என்று சொல்லி அனுப்பினோம். அவர் மறுமுறையும் வந்தார். அப்பொழுது யாம் சொன்னது எமக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. "காமராசர் படித்தா முதலமைச்சர் ஆனார்?" என்றோம். அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆசிரியர் ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார்.

அவ்வார்த்தையை எத்தனை கடைகளில் எத்தனை முதலாளிகள் சொல்லியிருப்பார்களோ! அதன் உண்மையை யாம் பின்னரே அறிந்தோம். காமராசர் பயின்றது, பிடியரிசியால் நடந்ததாக முன்னர்க் கூறினோமே, அந்த க்ஷத்திரிய வித்தியாசாலையிலேதான். தந்தையாரை இழந்து, படிப்பை இடையில் நிறுத்தி, மாமன் கடையில் உட்கார்ந்தவர் அவர். தமக்கு நேர்ந்ததை ஒரு பெருமையாக அவர் கொள்ளவில்லை. 1954இல் முதலமைச்சரானவர், 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். கடையில் உட்கார நேர்ந்த ஒரு பிள்ளை, வேறு பிள்ளைகள் அவ்வாறு உட்கார நேராதிருக்கச் செய்த ஏற்பாடு அது. ஒரு சமூகத்துப் பெண்டிர் எடுத்து வைத்த அரிசி, எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளின் தட்டிலும் வந்து விழுந்ததாகவே யாம் எண்ணுகிறோம். அப்பெரியாரின் பெயரைச் சொல்லியே ஒரு பிள்ளையின் படிப்பை யாம் தடுத்தோம் என்றால், எமது அறியாமைக்கு வேறு அளவு வேண்டுமோ?

அம்மாதத்தில்தான் எமது தங்கையின் விவாகம் நடந்தது. இலை எடுக்கையில் வீணானது எவ்வளவு என்று அன்று யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. அப்பையனின் ஓராண்டுப் படிப்புச் செலவு, ஒரு பந்திக்கு இட்ட இனிப்பின் விலையளவும் இராது. அப்பொழுது எம்மிடம் பணம் இருந்தது, பக்தி இருந்தது, இரக்கமும் இல்லாமலில்லை. கேட்ட அந்த நிமிஷத்தில் "ஆகட்டும், அனுப்புகிறேன்" என்னும் ஒரு சொல்தான் இல்லாமற் போயிற்று.

அவர் இன்றும் எமது கடையிலேயே மூட்டை இறக்குகிறார். சென்ற ஆனி மாதம் ஒரு விண்ணப்பத் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறிக் கல்லூரிக்குப் போகவிருக்கிறாள். "எழுத்துக் கூட்டி வாசிப்பேன் முதலாளி. இதிலே தப்பு வந்துவிடக் கூடாது, நீங்கள் ஒருமுறை பாருங்கள்" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தோம். அதில் தகப்பனாரின் கல்வித் தகுதி என்று ஓர் இடம் இருந்தது. அவ்விடத்தில் அப்பெண் தன் கையெழுத்தில் ஆறாம் வகுப்பு என்று எழுதியிருந்தாள். அவர் அதைக் குறித்து ஒன்றும் சொல்லவில்லை. யாமும் ஒன்றும் சொல்லக்கூடவில்லை.

விடுதியில் எம்மை வினவிய பிள்ளை இங்கே வந்திருக்கிறான் என்று நம்புகிறோம். தம்பி, அந்த ஆசிரியர் படியேறி வந்தாரே, அந்த நாட்களில் எமது பிறவிப் பயன் எமது கடை வாசலிலேயே இருமுறை வந்து நின்றது. அதற்கு மேளமும் இல்லை, தாளமும் இல்லை. விற்பனை மும்முரத்தில் யாம் அதனைத் திரும்பி அனுப்பிவிட்டோம்.

இனிக் காரியத்திற்கு வருவோம். பிடியரிசிக் கலயத்தை நமது வீடுகளிலும் தொடங்கலாம் என்று காரியக் கமிட்டியாருக்கு யாம் எழுதியபொழுது, ஓர் அன்பர், "இக்காலத்தில் அரிசி எதற்கு? கைபேசியில் ஒரு தொடுகையில் ஆண்டுச் சந்தாவைச் செலுத்திவிடலாமே" என்றார். செலுத்துக; வேண்டாமென்று சொல்வாரில்லை. ஆனால் ஒருமுறை செலுத்திய பணம் நம்மை மறுமுறை ஒன்றும் கேளாது. கலயமோ நாள்தோறும் அடுப்படியில் நின்று, இன்று என்ன செய்தாய் என்று கேட்கிறது. அவ்வாறு நாள்தோறும் கேட்கப்பட்டுப் பழகிய வீட்டார், ஓர் ஆசிரியர் வாசலுக்கு வந்து கேட்கும்பொழுது எம்மைப் போல விடையளிக்க மாட்டார்கள் என்பதே எமது நம்பிக்கை. வேறொரு சகோதரி, நியாய விலைக் கடை அரிசியையும் இடலாமா என்று கேட்டார்கள். தாங்கள் உண்பது அதுவானால் தாராளமாக இடலாம். தாங்கள் உண்ணாததை மாத்திரம் இட வேண்டா.

தை மாதத்து முதல் ஞாயிறு தொடங்கி, மாதம் ஒருமுறை விடுதிப் பிள்ளைகள் வீடுதோறும் வருவார்கள். மண் கலயங்கள் எண்ணிட்டுச் சங்க அலுவலகத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. வேண்டுவோர் இன்றே பெற்றுக்கொள்ளலாம். அரிசியை நிறுக்க எமது கடைத் தராசைக் கொண்டுவந்து தருகிறோம்.

ஒரு செய்தியை மாத்திரம் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். இவ்வேற்பாட்டை மேற்படி நண்பரிடம் பேச்சுவாக்கிற் கூறியபொழுது, "எங்கள் வீட்டுக்கும் ஒரு கலயம் கொடுங்கள் முதலாளி" என்றார். அவர் நம் சமூகத்தவர் அல்லர். சங்க விதியில் இதற்கு இடமுண்டோ என்று யாம் பார்க்கவில்லை. இடமில்லையென்றால் கமிட்டியார் விதியைத் திருத்திக்கொள்வார்களாக. ஒன்றாம் எண் கலயம் நேற்று மாலையே அவர் வீட்டுக்குப் போய்விட்டது.